வேனுக்குள் ஒரு ஆபீஸ், ஆறு நாள்

எங்கள் கம்பெனியின் திருப்பூர் ஆபீஸை மூடிவிட்டார்கள் என்ற செய்தி எனக்கு வந்து சேர்ந்த விதமே வேடிக்கை. "இனிமே உன் லேப்டாப் எங்க இருக்கோ அதுதான் ஆபீஸ்" என்றார் என் மேலாளர். ஏதோ பத்திரிகையில் படித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பாதிப் பேர் ஆபீஸே இல்லாமல்தான் வேலை பார்க்கிறார்களாம், வேலையும் இரட்டிப்பாக நடக்கிறதாம். அங்கே கரண்ட் போகாது சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசி மாதங்கள் அவை. எங்கோ வங்கிகள் கவிழ்ந்ததில் இங்கே பனியன் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. நாங்கள் வெளிநாட்டுக் கடைகளுக்காகத் திருப்பூரில் பனியன் தைத்து வாங்கி அனுப்பும் ஏஜென்சி. துணியும் நிறமும் தையலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. குடியிருப்பு சென்னை, மாதத்துக்கு ஒரு முறை திருப்பூர். அங்கே மாடியில் ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. நான்கு பேர், ஒரு ஜெனரேட்டர், நிறம் பார்க்க ஒரு விளக்குப் பெட்டி. அந்தப் பெட்டியில் ஒரு சுவிட்சைத் தட்டினால் பகல் வெளிச்சம், இன்னொன்றைத் தட்டினால் கடை வெளிச்சம். எந்த வெளிச்சத்திலும் இரண்டு துணியும் ஒரே நிறமாகத் தெரிந்தால்தான் கையெழுத்து. இப்போது நான்கு பேரையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பெட்டியை மேசை நாற்காலிகளோடு சேர்த்து யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை திருப்பூர் ஸ்டேஷன் வாசலில் என் புதிய ஆபீஸ் எனக்காகக் காத்திருந்தது. ஒரு பழைய வெள்ளை வேன். போன வருஷம் வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது என்பதற்குச் சாட்சியாக உள்கூரையில் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஓட்டுநர் சின்னச்சாமிக்கு ஊத்துக்குளி. ஐம்பது வயது இருக்கும். என் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு வேனை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏனுங்க மேடம், இனிமே உங்க ஆபீசு நம்ம வண்டி தானுங்களா?"

"ஆமாண்ணா."

"அப்ப நானு ஆபீசு டிரைவருங்களா, இல்ல ஆபீசே நான்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அன்று முழுவதும் ஆபீஸ் கட்டும் வேலைதான். நடு சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு மடக்கு மேசை போட்டோம். பின்னால் இன்வெர்ட்டரும் பாட்டரியும். வண்டி குலுங்கினால் பாட்டரி நகராமலிருக்கச் சின்னச்சாமி இரண்டு பக்கமும் செங்கல் வைத்து முட்டுக் கொடுத்தார். சின்ன பிரிண்டர் ஒன்று, துணியின் எடை பார்க்கும் தராசு ஒன்று, இன்டர்நெட்டுக்கு லேப்டாப்பில் செருகும் டேட்டா கார்டு. சாயங்காலம் எல்லாவற்றையும் இணைத்து முதல் காகிதம் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயமும் வந்தது. ஒரு ஆபீஸை இவ்வளவு சிறிதாக்கத் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் சிறிதாக்க நினைத்தால், எடுப்பதற்கு மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு சங்கடங்கள் தெரிந்தன. முதலாவது சிக்னல். ஹோட்டல் வாசலில் டேட்டா கார்டு செத்துக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கொஞ்சம் மூச்சு விட்டது, கோர்ட்டுத் தெரு திரும்பியதும் மறுபடி போனது. ஊரையே மூன்று சுற்று சுற்றிய பிறகு மண்ணரைக்குப் போகும் வழியில் ஒரு பாலத்தின் ஓரத்தில் உயிர் வந்தது. கீழே நொய்யல் அன்று என்ன நிறத்தில் போகிறது என்று எட்டிப் பார்த்தேன். கறுப்பு. நாற்றத்துக்குக் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் ஒரு போலீஸ்காரர் ஜன்னலைத் தட்டினார்.

"என்ன வண்டி இது? கண்ணு செக் பண்ற கேம்ப்பா?"

"இல்லீங்க சார், ஆபீசுங்க" என்றார் சின்னச்சாமி.

போலீஸ்காரர் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். மேசை, பிரிண்டர், செங்கல், நான். "எங்க ஸ்டேஷன்லகூட இவ்ளோ வசதி இல்ல" என்று சொல்லிவிட்டு, சீக்கிரம் எடுக்கச் சொல்லிப் போனார். நாங்கள் எடுக்கவில்லை. அவரும் திரும்பி வரவில்லை.

இரண்டாவது சங்கடம் வெயில். மூன்று பக்கமும் கண்ணாடி. லேப்டாப் திரையில் என் முகம்தான் தெரிந்ததே தவிர எழுத்து தெரியவில்லை. "பிலிம் ஒட்டிரலாமுங்களா?" என்று சின்னச்சாமிதான் கேட்டார். உடனே ஒட்டச் சொன்னது நான். கார் கடையில் ஒரு மணி நேர வேலை. எல்லாக் கண்ணாடிக்கும் கறுப்பு கூலிங் பிலிம் போட்டுவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்று, நிஜமான ஆபீஸ் மாதிரியே ஆகிவிட்டது. எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் மேலாளருக்கு வேனின் போட்டோ ஒன்றை அனுப்பினேன். சூப்பர் என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது.

மதியம் சின்னச்சாமி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குப் போசியைத் திறந்தார். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். சென்னையில் நெய்யைச் சொட்டுக் கணக்கில் விடுவோம். இங்கே கரண்டி முழுக வார்த்திருந்தார்கள்.

"ஊட்டுல உங்களுக்குஞ் சேத்தித்தான் கட்டியுட்டாங்க. கூச்சப்படாதீங்க மேடம்."

பாலத்தின் மேல், நாற்றத்துக்கு ஜன்னலை ஏற்றிவிட்டு, இருட்டு வேனுக்குள் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அந்தப் பயணத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை மண்ணரையில் எஸ்தரக்காவின் யூனிட்டுக்குப் போனேன். எஸ்தரக்கா சாத்தான்குளம் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் புருஷன் தங்கராஜோடு திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங்கில் சேர்ந்து, பதினைந்து வருஷத்தில் சொந்தமாகப் பன்னிரண்டு மெஷின் போட்டவர். கீழே குடித்தனம், மேலே தகர ஷெட்டில் யூனிட். இதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூலி வேலை முழுதாக நின்றுபோன நேரத்தில், எங்கள் ஏஜென்சி நேரடியாகக் கொடுத்த முதல் ஆர்டர் இது. காலர் வைத்த ஆலிவ் நிற டீ சர்ட். இது நல்லபடியாகப் போனால் மெஷின்கள் ஓடும். போகாவிட்டால் விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று எஸ்தரக்காவே என்னிடம் சொன்னார்.

"இத மட்டும் பாஸ் பண்ணி விட்டுட்டா போதும் மேடம். பெறவு உங்களுக்கு எங்க வேல தெரிஞ்சிரும். நாங்க அப்பிடியே புடிச்சுக்கிடுவோம்."

ஆர்டர் அவருக்குப் போனதில் என் பங்கும் இருந்தது. சின்ன யூனிட் வேண்டாமென்ற மேலாளரிடம் நான்தான் பேசி வாங்கிக் கொடுத்திருந்தேன்.

யூனிட்டுக்கு எதிரே டீக்கடை. கரண்ட் போனால் தெருவிலுள்ள எல்லா யூனிட்டிலிருந்தும் ஆட்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள். பீகார்ப் பையன் ஒருவன் போனில் அம்மாவோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். "இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது அம்மா. ஓவர்டைம், அதனால்தான் பேச முடியவில்லை." அவன் போனை வைத்ததும் கூட நின்றவன், "எந்த ஓவர்டைம்? மூன்று நாளாகத் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறாய்?" என்று கேட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, இரண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னை டீக்கடைகளில் இப்படி இவ்வளவு பேர் இவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் நடந்ததை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் கூசுகிறது. சாயப்பட்டறையிலிருந்து துணி வந்துவிட்டது என்று எஸ்தரக்கா போன் செய்தார். டீ சர்ட்டின் உடம்புத் துணி ஒரு தொட்டியில் சாயமேறி வரும், காலர்கள் தனியாகப் பின்னி வேறொரு தொட்டியில் சாயமேறி வரும். இரண்டும் ஒரே நிறமா என்று பார்த்து, இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி அட்டையில் பின் அடித்து நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அட்டை கைக்கு வந்த பிறகுதான் யூனிட்டில் துணியை வெட்டுவார்கள். நான் பாலத்தில் இருந்தேன். ஐந்து மணிக்குள் மெயில் வேண்டும் என்று மேலாளர் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். சிக்னலை விட்டு நகர எனக்கு மனமில்லை. துணியை இங்கேயே எடுத்து வரச் சொன்னேன்.

எஸ்தரக்கா மொபெட்டில் வந்தார். வேனுக்குள் ஏறி, மேசையில் துணியை விரித்து, அதன் மேல் காலரை வைத்தார். நான் பார்த்தேன். ஒரே ஆலிவ்தான்.

"வெயிலு இன்னும் கெடக்கு மேடம். கீழ எறங்கி ஒரு தடவ பாத்துருவமா?"

திருப்பூரில் விளக்குப் பெட்டி இல்லாத ஆள்கூட அதைத்தான் செய்வார். துணியை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய், வெயிலில் பிடித்துப் பார்க்காமல் யாரும் நிறத்துக்குச் சரி சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். வேனிலிருந்து வெயிலுக்கு இரண்டு எட்டு. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்திருந்தது. போன் மறுபடி அடித்தது.

"இங்கயே நல்லாத் தெரியுதே அக்கா. டைம் ஆயிடுச்சு" என்றேன்.

கறுப்புக் கண்ணாடிக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அந்த நிமிஷம் பிலிம் ஒட்டியிருப்பதே என் நினைவில் இல்லை. அட்டையில் பின் அடித்தேன், கையெழுத்துப் போட்டேன், நிறம் சரி என்று மெயிலைத் தட்டினேன். எஸ்தரக்கா ஒரு கணம் தயங்கிவிட்டு, "நீங்க பாத்தா சரிதான்" என்று அட்டையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். இன்வெர்ட்டர் உயிரை விட்டது. நான் லேப்டாப்பை மூடினேன்.

வியாழக்கிழமை மடத்துக்குளம் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. சின்னச்சாமி டயரைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்த பால் வண்டியில் ஏறிப் போய்விட்டார். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆளில்லை. விளையாட்டாக டேட்டா கார்டைச் செருகினேன். அங்கே சிக்னல் கொட்டியது. மூன்று மணி நேரத்தில், இரண்டு வாரமாகக் கிடந்த அறிக்கைகள் அத்தனையையும் முடித்துவிட்டேன். மேலாளர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று தோன்றியது. ஆனால் பேச ஆளில்லை. சென்னையில் எவ்வளவு எரிச்சலான நாளிலும் பக்கத்து மேசையில் ஒருத்தி இருப்பாள், இங்கே பாருடி என்று ஒரு துணியை நீட்டினால் எட்டிப் பார்ப்பாள். அது அன்று ரொம்பவே வேண்டியிருந்தது. மில் வேலை முடிந்து திரும்பும்போது பொழுது இறங்கிவிட்டது, எஸ்தரக்காவின் யூனிட்டுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை போனேன். பாதிக்கு மேல் தைத்து முடித்திருந்தார்கள். கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் மெஷின்களுக்கு மட்டும்தான், ஷெட்டுக்குள் அரையிருட்டு. தைத்த பீஸ்களை ஷெட்டை ஒட்டிய மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று நானே சொன்னேன். எஸ்தரக்கா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். தங்கராஜ் பாயை விரித்தார்.

முதல் டீ சர்ட்டை விரித்ததுமே தெரிந்துவிட்டது. உடம்பு ஆலிவ். காலர் செம்மண்ணில் புரட்டி எடுத்த மாதிரி இருந்தது. இரண்டாவதை எடுத்தேன். பத்தாவது வரை எடுத்தேன். ஒவ்வொன்றும் அப்படித்தான்.

எஸ்தரக்கா ஒரு டீ சர்ட்டை எடுத்து நிழலில் பிடித்துப் பார்த்தார். மறுபடி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "சாயப்பட்டறைக்காரன் சொதப்பிட்டான்" என்று மெதுவாகச் சொன்னார் தங்கராஜ். அவன் சொதப்பியதைப் பிடிப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். அதை அந்த மாடியில் நின்ற மூன்று பேருமே அறிவோம்.

ஷெட்டுக்குள் வந்து மேலாளருக்குப் போன் செய்தேன். வெட்டும் மேசைக்கு மேலே ஆணியில் என் கையெழுத்துப் போட்ட அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. காலரும் உடம்பும் வேறு வேறு நிறம் என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் ரோஷம் வந்திருக்கும். கம்ப்யூட்டரில் எதையோ தேடும் சத்தம் கேட்டது.

"இந்த ஷேடுக்கு உன் அப்ரூவல் மெயில் எதுவும் எனக்கு வரலையே?"

அப்போதுதான் புரிந்தது. புதன்கிழமை நான் லேப்டாப்பை மூடியபோதே மெயில் போகாமல் அழிந்திருக்கிறது, அவசரப்படுத்திய அவரும் அதற்கப்புறம் தேடவில்லை. அந்த மெயிலுக்காகத்தான் நான் வேனை விட்டு இறங்காமல் இருந்தேன்.

"அப்ப யூனிட் அப்ரூவல் வாங்காமலே கட்டிங் போட்டிருக்கு. அப்படித்தானே?"

இங்கே ஒரு காரணத்தைச் சொல்லி என்னை நல்லவளாக்கிக்கொள்ள ஆசையில்லை. பயம், அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த நான்கு பேரின் முகமும் வந்தது. ஐந்தாவதாக என் முகம் வந்தது. எஸ்தரக்கா மூன்றடி தள்ளி, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா சார்" என்றேன். "அப்ரூவல் இல்லாமத்தான் கட் பண்ணியிருக்காங்க."

தங்கராஜ் சட்டென்று ஆணியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். எஸ்தரக்கா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பவர் டேபிள் மெஷின்களில் தைத்துக்கொண்டிருந்த பெண்களிடம், "யம்மா, மெஷின நிப்பாட்டுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். ஜெனரேட்டரை அணைத்தார்கள்.

"மேடம், சாப்ட்டுட்டுப் போறியளா? கொழம்பு வச்சிருக்கேன்."

வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வேனில் ஏறியதும் சின்னச்சாமி என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க மேடம், ஒடம்பு கிது செரியில்லீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஹோட்டல் வரும்வரை அவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

சனிக்கிழமை, பாலத்தில் நின்று அறிக்கை எழுதினேன். என்ன எழுத வேண்டும் என்று மேலாளர் வரி வரியாகச் சொல்லியிருந்தார். கடைசி வரியில், இந்த யூனிட்டுக்கு இனி எந்த ஆர்டரும் கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைக்க வேண்டும். இரண்டு தடவை அந்த வரியை அழித்தேன். மூன்றாவது தடவை எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டதா என்று இந்த முறை நின்று பார்த்தேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரு வாரத்தில் இவ்வளவு வேலை அந்த மாடி ஆபீஸில் ஒரு நாளும் நடந்ததில்லை, மற்ற ஊர்களுக்கும் இதே மாதிரி வேன் போடலாம் என்று எழுதியிருந்தார்.

ஸ்டேஷனில் சின்னச்சாமி பெட்டியைத் தூக்கி வந்து தந்தார். கூடவே ஒரு சின்ன டப்பாவில் வெண்ணெய். சென்னையில் இப்படி வெண்ணெய் கிடைக்காதாம். வாங்கிக்கொண்டேன். ரயில் வர இருபது நிமிஷம் இருந்தது. பிளாட்பாரத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்ச் கிடைத்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. எஸ்தரக்கா. எடுக்காமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு எடுத்தேன்.

"மேடம், ரயிலு வந்துட்டா?"

"இன்னும் இல்லக்கா."

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்ட்டேன். அந்த அட்ட விசயமா நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிட வேண்டாம். நான் யாருட்டயும் காட்டல. எங்க வீட்டுக்காரவுககிட்டயும் சொல்லிட்டேன், வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு. உங்க வேலைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா பெறவு அங்க எங்களுக்குன்னு பேச யாரு இருக்கா, சொல்லுங்க. அடுத்த ஆர்டர் வாரப்ப நம்ம யூனிட்ட மட்டும் மறந்துராதீங்க, என்னா?"

எதிர்த் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அது முழுதாகக் கடந்து போகும்வரை அவர் லைனிலேயே காத்திருந்தார்.

"கண்டிப்பாக்கா" என்றேன்.